கிளை நூலகர் இணையம் கற்க: கேள்வி நோட்டிலிருந்து தொடங்குங்கள்

பயிற்சி வகுப்புக்குப் போய், ஒரு துணிப்பையும் பேனாவும் சான்றிதழுமாக ஊர் திரும்பி, மறுநாள் காலை நூலகத்துக் கணினி முன் உட்கார்ந்து "இனி எங்கிருந்து தொடங்குவது?" என்று விழிக்கும் கிளை நூலகர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஓர் ஊரில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாசலிலிருந்து கடல் தெரியாது. அதன் ஈரம் மட்டும் புத்தக அட்டையில் தெரியும். ஒரு கணினி, ஒரு பழைய அச்சு இயந்திரம், மழைக்காலத்தில் மனம்போன போக்கில் வரும் இணையம். உங்களிடமும் ஏறத்தாழ இவ்வளவுதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கணினியைத் தொடும் முன் மெல்லிய நோட்டு ஒன்று வாங்கி இரவல் மேசையின் மேல் வையுங்கள். வாசகர் கேட்டு, உங்களால் உடனே பதில் சொல்ல முடியாமல் போன ஒவ்வொரு கேள்வியையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். சில வாரங்களுக்கு இது மட்டும் போதும். புதிதாக எதையும் கற்க வேண்டாம். என் நோட்டின் முதல் பக்கங்களில் இருப்பவை இவை: "டீச்சர், பாம்பனில் எத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்?" "குரூப் 4-க்கு வயது வரம்பு என்ன?" "மரிக்கொழுந்துப் பாசியைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?" "லாத்தா, வாப்பா துபாயிலிருந்து கேட்கிறார், நம் ஊர் முத்துக்குளிப்பு பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா?" "போன தடவை இந்த அலமாரியில் சிவப்பு அட்டையில் ஒன்று இருந்ததே, எங்கே?"

நோட்டு ஓரளவு நிறைந்ததும் கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள். நம்மிடம் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்பவை ஒரு வகை. நம்மிடம் இல்லை, வெளியே எங்கோ இருக்கிறது என்பவை இன்னொரு வகை. நூலகத்துக்கு வர முடியாதவர்களிடமிருந்து வருபவை மூன்றாவது வகை. எந்த வகை பெரிதோ அதற்கான கருவியை முதலில் கற்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பத்துப் பன்னிரண்டு செயலிகளின் பெயர்களைத் திரையில் காட்டுகிறார்கள். அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்று நாம் வீட்டுக்கு வந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. புதிய கருவி எது வந்தாலும் நான் அந்த விதியை வைத்தே அளக்கிறேன். வாசகருக்கு ஐந்து நிமிடம்கூட மிச்சமாகாத செயலியைக் கற்பதற்கு எனக்கு நேரமில்லை.

முதலில் தமிழ்த் தட்டச்சு

இதைத் தள்ளிப்போடுபவர்கள் மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போடுவார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். நூறு தலைப்பு அடிக்கும் வரை சமாளிக்கலாம்; ஆயிரக்கணக்கில் புத்தகம் இருக்கும்போது கை தளர்ந்துவிடும்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்குப் பெரும்பாலான மெய்கள் என்று அமைத்திருக்கிறார்கள். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். "அம்மா" என்று அடிக்க நான்கே தட்டல்: அ, ம, ம, ஆ. "மீன்" என்பதற்கும் நான்கு: ம, ஈ, ன, புள்ளி. ஙகரத்துக்குப் பின் ககரம் அடித்தாலும் புள்ளி தானாக வந்துவிடும் என்பதால் "சங்கு" எழுதுவதும் எளிது. விண்டோஸில் மொழி அமைப்புக்குள் போய்த் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய கணினி என்றால் என்எச்எம் ரைட்டர் நிறுவுங்கள். செல்போனில் செல்லினம் செயலியிலும் இதே விசைப்பலகை உண்டு. விசைகளின் படத்தைத் தாளில் அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டுங்கள். பயிற்சிக்குத் தனியாகப் பாடம் தேவையில்லை. அன்றைய நாளிதழின் தலைப்புச் செய்திகளை அடித்து அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உங்களுக்கும் பழகும், வாசகர்களும் படிப்பார்கள்.

குரல்வழித் தட்டச்சையும் முயன்று பார்க்கலாம். செல்போன் விசைப்பலகையில் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் புத்தகத் தலைப்பை வாசித்தால் பெரும்பாலும் சரியாகவே எழுதுகிறது. ஆசிரியர் பெயரிலும் தலைப்பெழுத்திலும் தடுமாறுகிறது. தலைப்புக்குக் குரல், பெயருக்கு விரல் என்று நான் பிரித்துக்கொண்டேன்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கணினியில் முன்பு யாரோ அடித்து வைத்த நூற்பட்டியல் இருக்கக்கூடும். திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக அலங்கோலமாகத் தெரியும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது அது. அழித்துவிடாதீர்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் இட்டு எல்லாக் கணினியிலும் ஒன்றுபோலத் தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றலாம். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் அறிக்கை கேட்கும் அலுவலகங்கள் உண்டு. அவர்களுக்காக மாற்றிக் கொடுங்கள், ஆனால் உங்கள் மூலக்கோப்பு யூனிகோடிலேயே இருக்கட்டும்.

பட்டியல்தான் அடித்தளம்

என் நோட்டில் பாதிக்கு மேல் "இருக்கிறதா, எங்கே" என்ற வகைதான். உங்கள் நோட்டிலும் அப்படித்தான் இருக்கும். அதற்குத் தேவை ஒரு விரிதாள். கூகுள் ஷீட்ஸ் போதும்.

பலரும், வந்த புத்தகத்துக்கெல்லாம் வரிசை எண் கொடுத்து எழுதும் சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முதல் எண்ணிலிருந்து அடிக்கத் தொடங்குகிறார்கள். வேண்டாம். பதிவேட்டில் இருக்கும், அலமாரியில் இருக்காது. தொலைந்ததையும் கரையான் தின்றதையும் சேர்த்து அடித்துக்கொண்டிருப்பீர்கள். அலமாரியிலிருந்து தொடங்குங்கள். ஒரு தட்டின் புத்தகங்களை மேசைக்கு எடுத்து வந்து, ஒவ்வொன்றாகத் தூசு தட்டி, தலைப்புப் பக்கத்தைத் திறந்து அடியுங்கள். மேலட்டையில் ஒரு பெயரும் உள்ளே ஒரு பெயரும் இருந்தால் உள்ளே இருப்பதே கணக்கு. அடித்த எண்ணைப் பதிவேட்டில் பென்சிலால் டிக் செய்யுங்கள். முடிவில் டிக் விழாதவை காணாமல் போனவை அல்லது வெளியில் இருப்பவை. இருப்புச் சரிபார்ப்பும் சேர்ந்தே முடிந்துவிடும். பதிவேட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். தணிக்கைக்கு வருபவர் கேட்பது அதைத்தான்.

பத்திகள் அதிகம் வேண்டாம். சேர்க்கை எண், தலைப்பு, ஆசிரியர், வேறு பெயர், வகைப்பாட்டு எண், பதிப்பகம், ஆண்டு, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் பன்னாட்டுத் தர எண்), அலமாரி, தேடுசொல். அடிக்கும் முன் சேர்க்கை எண் பத்தியையும் ஐஎஸ்பிஎன் பத்தியையும் 'வெற்று உரை' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சேர்க்கை எண்ணின் முன்னால் உள்ள பூச்சியங்கள் காணாமல் போகும்; எக்செல்லில் திறந்தால் பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன், நடுவில் ஓர் ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியுமாகச் சுருங்கி நிற்கும். பதின்மூன்று இலக்கம் 2007-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய புத்தகங்களில் பத்து இலக்கம் இருக்கும், இன்னும் பழையவற்றில் எதுவுமே இருக்காது. இல்லாததைத் தேடி அலையாமல் காலியாக விடுங்கள்.

ஆசிரியர் பெயரில்தான் பட்டியல் வாழ்வதும் சாவதும். "கவிஞர்", "முனைவர்", "டாக்டர்" ஆகிய பட்டங்களைப் பெயருக்கு முன்னால் போட்டால் வரிசைப்படுத்தும்போது எல்லாக் கவிஞரும் ககரத்தில் போய்க் குவிவார்கள். பெயர், காற்புள்ளி, தலைப்பெழுத்து என்ற ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள்: கிருஷ்ணமூர்த்தி, ரா. அவரைக் கல்கி என்றுதான் வாசகர் கேட்பார், புத்தகத்திலும் கல்கி என்றுதான் இருக்கும் என்றால், ஆசிரியர் பத்தியில் கல்கி என்றே எழுதி, 'வேறு பெயர்' பத்தியில் இயற்பெயரைப் போடுங்கள். அதே பெயரில் வாரப் பத்திரிகையும் இருந்ததால் பழைய இதழ்த் தொகுப்புகளைத் தனித் தாளில் வையுங்கள்.

இனி வருவது எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரப்படாதது. திரையில் பார்க்க ஒன்றுபோல இருக்கும் தமிழ்ச் சொற்கள் கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம். "ஔவையார்" என்பதை ஔ என்ற ஒற்றை எழுத்தால் அடிக்காமல், ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தை வைத்து அடிப்பவர்கள் ஏராளம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் சரியாக அடித்துத் தேடும் வாசகருக்கு அந்தப் புத்தகம் கிடைக்காது. அதேபோல, துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் விழுந்திருக்கும். "கொ" போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் இருக்கலாம். தேடும் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகக் கருதாவிட்டால் பாதிப் புத்தகம் மறைந்துபோகும். ஆகவே ஒரு தட்டு முடிந்ததும் இந்தப் பிழைகளையே தேடிப் பாருங்கள். 'கண்டுபிடித்து மாற்று' வசதியில் ஒகர ளகரத்தைக் கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ஒரேயடியாக 'எல்லாவற்றையும் மாற்று' கொடுத்தால் "ஒளி" என்று தொடங்கும் தலைப்பெல்லாம் கெட்டுப்போகும்.

அடுத்தது ஊர்ப்பெயர். ராமேஸ்வரம், இராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேசுவரம் என்று நான்கு விதமாகவும் அச்சாகியிருக்கிறது. ராமநாதபுரமும் அப்படியே, முதியவர்கள் ராம்நாடு என்றே சொல்வார்கள். தலைப்பை அச்சில் உள்ளபடி விட்டுவிடுங்கள், திருத்தாதீர்கள். மற்ற வடிவங்களைத் 'தேடுசொல்' பத்தியில் வரிசையாக இடுங்கள். இளைஞர்கள் செல்போனில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவார்கள் என்பதால் அந்த வடிவத்தையும் ஒரு தடவை சேர்த்துவிடுங்கள். தேடுசொல் இல்லாத பட்டியல் கண் பெரிதான வலை. நெத்திலி எதுவும் நிற்காது.

வாசகருக்குக் காட்டும்போது விரிதாளை அப்படியே பகிராமல், 'இணையத்தில் வெளியிடு' என்ற வசதியால் குறிப்பிட்ட தாளை மட்டும் வலைப்பக்கமாக்குங்கள். சாதாரண செல்போனிலும் திறக்கும், உலாவியின் 'பக்கத்தில் தேடு' வசதியிலேயே தேடிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டால் மெதுவாகத் திறக்கும். கதை, கவிதை, போட்டித் தேர்வு, சிறுவர் என்று தாள்களாகப் பிரியுங்கள். உறுப்பினர் பெயரும் கைபேசி எண்ணும் இந்தக் கோப்பில் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது. அவற்றுக்கு வேறு கோப்பு, பகிர்வே இல்லாமல். யார் என்ன படிக்கிறார்கள் என்பது வாசகருக்கும் நூலகத்துக்கும் இடையிலானது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது.

கோஹா போன்ற நூலக மென்பொருள் வேண்டாமா என்று கேட்பீர்கள். நியூசிலாந்தில் ஒரு சிறு நகர நூலகத்துக்காக 1999-இல் எழுதத் தொடங்கி இலவசமாக உலகத்துக்குக் கொடுத்த நல்ல மென்பொருள் அது. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க சர்வரும் ஆளும் வேண்டும். அது மாவட்ட அளவில் முடிவெடுக்க வேண்டியது. அந்த நாள் வரும்போது, சுத்தமான விரிதாள் வைத்திருப்பவருக்கு வேலை எளிது. தலைப்புப் பத்தி, நூலக மென்பொருள்கள் நூல் விவரத்தை வைக்கும் பொதுப் படிவமான மார்க் பதிவின் 245-ஆம் புலத்துக்கும், ஆசிரியர் 100-க்கும், ஐஎஸ்பிஎன் 020-க்கும் அப்படியே போய் உட்கார்ந்துவிடும்.

நம்மிடம் இல்லாததைத் தேடித் தருவது

மரிக்கொழுந்துப் பாசிக் கேள்விக்கு வருகிறேன். கேட்டவர் கடலில் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர். பாசி வளர்ப்புக் குழுவில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இணையத்தில் "மரிக்கொழுந்து" என்று தேடினால் பூக்கடைதான் வருகிறது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் மண்டபம் முகாமில் இருக்கிறது. தலைமையிடம் 1971-இல் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் அதன் நிலையம் இன்றும் இயங்குகிறது. அந்த நிறுவனம் தன் கட்டுரைகளை இப்ரிண்ட்ஸ் என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அங்கே நம் ஊர்ப்பெயரில் தேடுவதைவிட அறிவியல் பெயரில் தேடினால்தான் நிறையக் கிடைக்கும். மரிக்கொழுந்து என்பது ஜெலிடியெல்லா அசெரோசா. கஞ்சிப்பாசி கிராசிலேரியா, கட்டக்கோரை சர்காசம். ஆகவே இன்னொரு சிறு விரிதாள் தொடங்கினேன்: ஒரு பக்கம் கடற்கரையில் சொல்லும் பெயர், எதிரே ஆங்கில எழுத்தில் அறிவியல் பெயர். மீனுக்கும் இப்படியே: காரல், சீலா, ஓரா, முரல். பெயரை உறுதிசெய்ய அந்த நிறுவனத்து வெளியீடுகளிலேயே தமிழ்ப் பெயரோடு பட்டியல்கள் இருக்கின்றன. கரையில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். ஒரே மீனுக்கு பாம்பனில் ஒரு பெயரும் தொண்டியில் ஒரு பெயரும் இருப்பதுண்டு. கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தால், அதில் அவருக்கு வேண்டிய பத்தியைத் தமிழில் சொல்லிக்கொடுப்பது நம் வேலைதான். முழுக் கட்டுரையையும் அச்சிட்டுக் கையில் திணித்து அனுப்புவதில் பயனில்லை.

கடலும் காற்றும் பற்றிய கேள்விகளுக்கு இரண்டே இடம்: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பக்கமும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையத்தின் பக்கமும். அலை உயரம், காற்றின் வேகம், மீன் கூடும் இடம் ஆகியவற்றை இன்காய்ஸ் தருகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் நண்பன் செயலியில் இவை தமிழிலேயே கிடைக்கும். கேட்கும் அண்ணன்மாருக்கு அதை அவர்கள் போனிலேயே நிறுவிக் கொடுத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் நம்மிடம் வர வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை பற்றி யாரோ அனுப்பிய படத்தையோ குரல் பதிவையோ நான் யாருக்கும் அனுப்புவதில்லை. துறையின் பக்கத்து இணைப்பை மட்டும் அனுப்புவேன். பழைய புயலின் படம் புதுப் புயலுக்குச் சுற்றுவது இங்கே ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் நடக்கிறது. 1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கரை இது. பொய்ச் செய்தியால் ஒரு வீட்டார் பதறி ஓடினாலும் பாவம், மெய்ச் செய்தியை நம்பாமல் இருந்துவிட்டாலும் பாவம்.

பழைய தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது, 1998 பொங்கலன்று தொடங்கியது. ஸ்கேன் செய்த அரிய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றை விக்கிமூலத்தில் உரையாகவே படிக்கலாம். இவற்றின் இணைப்புகளைக் கணினியின் முகப்பிலேயே வைத்துவிடுங்கள்.

நூலகம் நிறுவனத்தின் இணையதளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் 2005 முதல் திரட்டி வருகிறார்கள். மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு முதியவர் பஸ் ஏறி வருவார். "பிள்ளை, நான் படித்த பள்ளியின் ஆண்டு மலர் எங்கேயாவது இருக்குமா?" என்று கேட்டார். யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டதோடு அதெல்லாம் போய்விட்டது என்றே நினைத்திருந்தார். பள்ளியின் பெயரையும் ஆண்டையும் பல விதமாகக் கொடுத்துத் தேடினோம். அவர் கேட்ட ஆண்டு கிடைக்கவில்லை, வேறோர் ஆண்டின் மலர் கிடைத்தது. அதில் தன் கணக்கு வாத்தியாரின் படத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இந்தத் தளத்தில் தேடும்போது தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். ஆண்டுவாரியான பட்டியல், இதழ்ப் பட்டியல் என்று உள்ளே போய்ப் பாருங்கள்.

பதிப்புரிமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் காலமான அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் உரிமை இருக்கிறது. அண்மையில் வந்த நாவலின் பிடிஎஃப் யாரோ அனுப்பினார்கள் என்று நூலகத்தின் பெயரால் பரப்பாதீர்கள். கேட்பவர் முகம் சுளிப்பார். அந்தப் புத்தகத்தை வாங்கச் சொல்லி மைய நூலகத்துக்குப் பரிந்துரை எழுதுங்கள், அவர் கண்ணெதிரேயே.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு வார்த்தை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவன் உரையாடும் செயலியிடம் கேட்டு வாங்கிய புத்தகப் பட்டியலோடு வந்தான். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் எல்லாம் அழகாக இருந்தன. அவற்றில் சில புத்தகங்கள் இந்த உலகத்தில் இல்லை. அந்தச் செயலி பெயர்களை ஒட்டவைத்துப் புதுப் புத்தகம் செய்யும். கடிதம் எழுத, ஆங்கிலக் கட்டுரையின் சாரத்தைப் புரிந்துகொள்ள அதைப் பயன்படுத்துகிறேன். புத்தகம் இருக்கிறதா என்பதைச் சரிபார்க்க, நாட்டில் அச்சாகும் நூல்களின் படி சட்டப்படி போய்ச் சேரும் சென்னைக் கன்னிமாரா நூலகத்தின் பட்டியலைப் பார்க்கிறேன்.

வர முடியாதவர்களுக்கு

வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் பெண்கள் தங்கள் எண் அப்படித் தெரிவதை விரும்புவதில்லை, அவர்கள் வீட்டாரும் விரும்புவதில்லை. தவிர, இரண்டாம் நாளே காலை வணக்கப் படங்கள் குவியத் தொடங்கும். ஒலிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். நீங்கள் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நூலகத்து எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்குத்தான் செய்தி சேரும் என்பதால், உறுப்பினர் சேரும்போதே மேசையில் வைத்து எண்ணைச் சேமிக்கச் செய்துவிடுங்கள். அதற்கு மேல் ஆட்கள் வந்தால் வாட்ஸ்அப் சேனல் தொடங்கலாம்.

வாரத்துக்கு ஒரு செய்தி போதும். புது வரவில் மூன்று நான்கு தலைப்பு, ஒரு படம், நூலகம் திறந்திருக்கும் நேரம். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வலை பின்னி முடித்த ஆண்கள் நாளிதழ் மேசையை நிறைத்துவிடுவார்கள். அந்த அறுபத்தொரு நாளுக்கு மட்டும் செய்தியை அடிக்கடி அனுப்புகிறேன். பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை என்பதால் சிறுவர் நூல்களையும் சேர்க்கிறேன். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பங்களில் வளைகுடா நாட்டில் இருப்பவர்கள் இங்கே வீட்டில் உள்ளவர்களுக்காகக் கேட்பார்கள். அவர்களுக்கென்று ஒரு கூகுள் படிவம்: என்ன புத்தகம், யார் வந்து வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். முகவரி, வயது, மின்னஞ்சல் என்று கேட்டுக்கொண்டே போனால் நிரப்பாமல் விட்டுவிடுவார்கள்.

பட்டியல் பக்கத்துக்கான க்யூஆர் குறி ஒட்டும்போது இரண்டே கவனம். இலவசமாக 'மாறும் குறி' செய்து தரும் சில தளங்கள் சிறிது காலம் கழித்துப் பணம் கேட்டுக் குறியை முடக்கிவிடும். இணைப்பை நேரடியாகவே பொதிந்த நிலையான குறியைச் செய்யுங்கள். பெரிதாக அச்சிட்டு, லேமினேட் செய்து, வெயில் படாத உள்சுவரில் ஒட்டுங்கள். உப்புக்காற்றில் மை சீக்கிரம் வெளுக்கும். இருப்பதிலேயே மலிவான போனில் சோதித்துப் பாருங்கள். அதோடு கூகுள் வரைபடத்தில் நூலகம் சரியான இடத்தில், சரியான நேரத்தோடு காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கணினிக்கும் உப்புக்காற்றுதான் எமன். கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் விசைப்பலகைக்குள் மணல் போகும், யூஎஸ்பி துளைகளில் துரு ஏறும். வேலை முடிந்ததும் துணியால் மூடுங்கள். நீண்ட விடுமுறையானாலும் இடையில் ஒரு தடவை இயக்கிவிடுங்கள். மாதம் ஒரு முறை விரிதாளைத் தரவிறக்கிப் பென்டிரைவில் வைத்து, அந்தப் பென்டிரைவை வீட்டில் வையுங்கள்.

அனுமதியும் கணக்கும்

நூலகத்தின் பெயரில் இணையத்தில் எதை வெளியிடுவதானாலும் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்து அனுமதி வாங்குங்கள். கடிதத்தில் செயலியின் பெயரை முன்னால் வைக்காதீர்கள். கேள்வி நோட்டின் நகலை இணைத்து, "இவ்வளவு பேர் இதைக் கேட்டார்கள், இதற்காக இது" என்று எழுதுங்கள். வாசகர் வட்டத்தின் தீர்மானமும் புரவலர் ஒருவரின் கையெழுத்தும் கூட இருந்தால் கோப்பு நகரும் வேகமே வேறு.

மின்னஞ்சல் கணக்கை உங்கள் பெயரில் தொடங்காமல் நூலகத்தின் பெயரில் தொடங்குங்கள். முடிந்தால் நூலகத்துக்கென்று ஒரு சிம் வாங்கி, வாட்ஸ்அப்பையும் மீட்பு எண்ணையும் அதிலேயே வையுங்கள். கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டி, சேர்க்கைப் பதிவேட்டோடு பூட்டி வையுங்கள். பணிமாறுதல் உத்தரவு வந்தால் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் மேசை, நாற்காலி, மின்விசிறியோடு இந்தக் கணக்கையும் ஒரு வரியாகச் சேருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பின் குறுஞ்செய்தி உங்கள் சொந்தப் போனுக்கு வருகிறதென்றால், சாவியைக் கொடுக்கும் முன் புதியவரை அருகில் உட்காரவைத்து அவர் எண்ணுக்கு மாற்றி, அவர் கையாலேயே ஒரு தடவை உள்நுழையச் செய்துவிடுங்கள்.